கேள்வி – பதில்: மிட்ச் மெக்கானல் ஏறிய படிகள்

அமெரிக்க செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 18 ஆண்டுகள் தலைவராக இருந்தவர், கென்டக்கி மாநிலத்தின் மிட்ச் மெக்கானல். 2025 ஜனவரியில் தலைவர் பொறுப்பிலிருந்து இறங்கினார். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அதிபர் பதவிக்குப் போட்டியிடாதவர், பேச்சாற்றலும் இல்லாதவர். அவருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?
– மதுரை வாசகர்

அமெரிக்க செனட்டில் எந்த மசோதா, எந்த நியமனம், எந்த நாளில் விவாதத்துக்கு வரும் என்பதைப் பெரும்பான்மைக் கட்சித் தலைவர்தான் தீர்மானிக்கிறார். அரசியல் சாசனத்தில் அந்தப் பதவியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பலர் ஒரே நேரத்தில் பேச எழுந்தால் அவைத் தலைவர் முதலில் பெரும்பான்மைத் தலைவரையே அழைக்க வேண்டும் என்ற மரபு 1937-இல் ஏற்பட்டது. அந்த ஒரு மரபிலிருந்துதான் மற்ற அதிகாரங்கள் எல்லாம் கிளைத்தன. விவாதத்துக்கே வராத மசோதா தோற்பதில்லை. யாரும் அதற்கு எதிராக வாக்களித்துக் கெட்ட பெயர் வாங்கவும் வேண்டியதில்லை. இதை மெக்கானல் அளவுக்குப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர்கள் சொற்பம். அதிபர் நாற்காலி மேல் அவருக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. இளம் வயதிலிருந்தே கண் செனட் மீதுதான்.

‘கவுன்ட்டி ஜட்ஜ்’ ஆக இருந்தார் என்று படித்தேன். நீதித்துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவரா?
– திருச்சி வாசகி

இல்லை. கென்டக்கியில் ‘கவுன்ட்டி ஜட்ஜ்’ என்பது மாவட்டம் போன்ற ஒரு பகுதியின் நிர்வாகப் பதவி. 1975-இல் நிறைவேறிய சாசனத் திருத்தம் அந்தப் பதவியிலிருந்த நீதிமன்ற வேலையைப் பிரித்தெடுத்துவிட்டது. சாலை, காவல், வரவு செலவு ஆகியவையே மிச்சம். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவர் ஏறிய படிகளை வரிசையாகப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 1942-இல் அலபாமாவில் பிறப்பு. இரண்டு வயதில் போலியோ தாக்கி இடது கால் பலவீனமானது. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் சிகிச்சை மையத்தில் கற்ற பயிற்சிகளைத் தாயார் வீட்டில் தினமும் செய்யவைத்தார். சிறுவன் தானாக எழுந்து நடக்காதபடி இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். 1956-இல் குடும்பம் கென்டக்கியின் லூயிவில் நகருக்குக் குடிபெயர்ந்தது. லூயிவில் பல்கலைக்கழகத்தில் 1964-இல் பட்டம், கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 1967-இல் சட்டம்.

1964 கோடையில் செனட்டர் ஜான் ஷெர்மன் கூப்பரின் அலுவலகத்தில் பயிற்சி உதவியாளர். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சட்டத்தைத் தடுக்கத் தென்மாநில உறுப்பினர்கள் மாதக்கணக்கில் நடத்திய தொடர் விவாதத்தை முறியடிக்க வாக்களித்த குடியரசுக் கட்சியினரில் கூப்பரும் ஒருவர். அடுத்து 1968-இல் மார்லோ குக் என்பவரின் செனட் தேர்தல் வேலை. வென்றதும் அவருக்கு உதவியாளர். அதற்கு முன் குக் இருந்த பதவி, ஜெஃபர்சன் கவுன்ட்டி ஜட்ஜ். லூயிவில் அமைந்திருக்கும் அந்தக் கவுன்ட்டியில் ஜெயித்தால் செனட்டுக்கு வழி உண்டு என்பதை மெக்கானல் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

இடையில் ஒரு சறுக்கல். 1971-இல் மாநில சட்டமன்றத்துக்குப் போட்டியிட முனைந்தபோது, தொகுதியில் போதிய காலம் வசிக்கவில்லை என்று மனு தள்ளுபடியானது. அதிபர் ஃபோர்டின் ஆட்சியில், 1974–75-இல், நீதித் துறையில் துணை உதவி அட்டர்னி ஜெனரலாக இருந்தார். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன அன்டோனின் ஸ்காலியா அப்போது அதே துறையில் உயர் அதிகாரி. நீதிபதி நியமனங்களில் மெக்கானலுக்கு இருந்த பிடிவாதத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

1977-இல் ஜெஃபர்சன் கவுன்ட்டி ஜட்ஜ் தேர்தலில், பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சிக்காரரைத் தோற்கடித்தார். 1981-இல் மறுபடியும் வென்றார். குக் ஏறிய அதே படி.

1984-இல் செனட்டுக்கு வந்தது ரீகன் அலையால்தானே?
– ஈரோடு வாசகர்

பாதி உண்மை. கென்டக்கியில் ரீகனுக்கு 60 சதவீத வாக்கு. மெக்கானலோ சுமார் 13 லட்சம் வாக்குகளில் 5,269 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தார். அலை இல்லாவிட்டால் நிச்சயம் தோற்றிருப்பார். ஆனால் அலை மட்டுமே போதாது என்பதற்கும் அதே ஆண்டு சாட்சி: 49 மாநிலங்களில் ரீகன் வென்றும், பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவரைத் தோற்கடித்த குடியரசுக் கட்சி வேட்பாளர் நாடு முழுக்க மெக்கானல் ஒருவர்தான்.

வித்தியாசத்தை உண்டாக்கியது ஒரு தொலைக்காட்சி விளம்பரம். எதிராளி வால்ட்டர் ஹடல்ஸ்டன் அமைதியானவர், பெரிய புகார் எதுவும் இல்லாதவர். அவரை எங்கே அடிப்பது? அவையில் வாக்கெடுப்பு நடந்த சில நாட்களில் அவர் வெளியூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொற்பொழிவாற்றியிருந்தார். அன்று அது சட்டப்படி செல்லும். மோப்ப நாய்களை இழுத்துக்கொண்டு ஒருவர் ஹடல்ஸ்டனைத் தேடி ஓடுவதாக விளம்பரம் எடுத்தார் ரோஜர் அய்ல்ஸ். பின்னாளில் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியை நடத்தியவர் இவரே. அதுவரை மிகவும் பின்தங்கியிருந்த மெக்கானல் மேலே வந்தார். கொள்கைப் பேச்சு ஒன்றும் அந்த விளம்பரத்தில் இல்லை.

கட்சித் தலைவர் பதவிக்கு எப்படி வந்தார்? அதற்குத் தேர்தல் உண்டா?
– காரைக்குடி வாசகர்

உண்டு. கட்சியின் செனட்டர்கள் மட்டும் கூடி ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐம்பது பேரைத் திருப்தி செய்தால் போதும். பொதுமக்களுக்கு முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அந்த ஐம்பது பேருக்கும் முதல் தேவை தேர்தல் பணம். கட்சி வேட்பாளர்களுக்கு நிதி திரட்டும் குழு ஒன்று செனட்டில் உண்டு. அதன் தலைமைக்கு 1990-களின் தொடக்கத்தில் முயன்று டெக்சாஸின் பில் கிராமிடம் தோற்றார். பிறகு 1997 முதல் 2001 வரை அதை நடத்தினார். 2003-இல் கொறடா. கொறடாவின் வேலை தலை எண்ணுவது: யார் எதற்கு வாக்களிப்பார், யாருக்கு எது உறுத்தல், யாரை எப்போது தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்று கணக்கு வைப்பது. 2006-இல் அப்போதைய தலைவர் பில் ஃபிரிஸ்ட் ஓய்வு பெற்றதும் மெக்கானல் போட்டியின்றித் தலைவரானார். அதே நவம்பரில் கட்சி பெரும்பான்மையை இழந்திருந்ததால், 2007-இல் கிடைத்தது எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. பெரும்பான்மைத் தலைவராக உட்கார மேலும் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

அவர் நீடித்ததற்குச் சொல்லப்படாத ஒரு காரணமும் உண்டு. தன் உறுப்பினர்கள் வாங்க வேண்டிய திட்டைத் தானே வாங்கிக்கொள்வார். தேர்தல் நிதிக்குக் கட்டுப்பாடு என்ற யோசனை பொதுமக்களுக்குப் பிடித்தது. பல செனட்டர்களுக்கு உள்ளூர வெறுப்பு. அதை வெளிப்படையாக எதிர்த்தவர் மெக்கானல். 2002-இல் சட்டம் நிறைவேறியதும் தன் பெயரிலேயே வழக்குப் போட்டார். 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பகுதி தோற்றார். அந்தத் தீர்ப்பின் முக்கியமான பகுதியை 2010-இல் அதே நீதிமன்றம் புரட்டிப்போட்டது. நடுவே மாறியது சட்டம் அல்ல, நீதிபதிகள்.

அவர் உண்மையிலேயே கொள்கைப் பிடிப்புள்ள பழமைவாதியா?
– கும்பகோணம் வாசகி

தொடக்கத்தில் இல்லை. 1977 தேர்தலில் அரசு ஊழியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமை தருவதாகச் சொல்லித் தொழிற்சங்கங்களின் ஆதரவை வாங்கினார். வென்ற பிறகு அது நடக்கவில்லை. கட்சி வலப்பக்கம் நகர நகர, அவரும் நகர்ந்தார். ஆனாலும் சில இடங்களில் நகர மறுத்திருக்கிறார். தேசியக் கொடியை எரிப்பதைத் தடைசெய்யும் சாசனத் திருத்தம் 2006-இல் செனட்டில் 66 வாக்கு பெற்றது, தேவை 67. கட்சிக்காரர்களில் எதிர்த்து வாக்களித்த மூவரில் மெக்கானல் ஒருவர். அது பேச்சுரிமை என்பது அவர் வாதம். தேர்தலில் பணம் செலவழிப்பதும் பேச்சுரிமை என்பதும் அதே வாதத்தின் மறுபக்கம்தான்.

2016-இல் ஒபாமா நியமித்த நீதிபதியை ஓராண்டு காக்கவைத்தாரே, அது எப்படிச் சாத்தியமாயிற்று?
– சேலம் வாசகர்

ஓராண்டு அல்ல, 293 நாட்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா 2016 பிப்ரவரி 13 அன்று இறந்தார். சில மணி நேரத்துக்குள், அடுத்த அதிபரே இந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று மெக்கானல் அறிக்கை விட்டார். அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஒபாமா யாரையாவது அறிவித்துவிட்டால் பேச்சு அந்த ஆளின் தகுதியைப் பற்றித் திரும்பிவிடும். பெயர் வரும் முன்பே மறுத்துவிட்டால் பேச்சு தேதியைப் பற்றியதாகவே நிற்கும். மார்ச் 16-இல் அறிவிக்கப்பட்ட மெரிக் கார்லண்ட், இரு கட்சியினரும் மதித்த நடுநிலையாளர். அதனால் ஒன்றும் மாறவில்லை.

சாசனம் சொல்வது, அதிபர் செனட்டின் “ஆலோசனையோடும் சம்மதத்தோடும்” நியமிக்க வேண்டும் என்று மட்டுமே. எத்தனை நாளுக்குள் வாக்கெடுப்பு என்று இல்லை. செனட்டின் நீதித் துறைக் குழு விசாரணையே நடத்தவில்லை. விசாரணை இல்லாவிட்டால் தொலைக்காட்சிக் காட்சி இல்லை. மக்கள் மனத்தில் கார்லண்டுக்கு முகமும் இல்லை. செனட் விடுமுறையில் இருக்கும்போது அதிபர் தற்காலிகமாக நியமிக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கதவும் அடைக்கப்பட்டிருந்தது. சில நாட்களுக்கு ஒருமுறை ஓர் உறுப்பினர் வந்து அவையைத் திறந்து உடனே மூடிவிட்டுப் போனால் விடுமுறை முறிந்துவிடும். பத்து நாளுக்குக் குறைந்த இடைவெளி பொதுவாக விடுமுறைக் கணக்கில் வராது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது.

கார்லண்டை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஒபாமாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு ஒப்புதல் பெற்ற நீதிபதிகள் மொத்தம் இருவர். டிரம்ப் பதவியேற்ற நாளில் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் காலி. நான்கு ஆண்டு முடிவில் 234 நீதிபதிகள். அதில் 54 பேர் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில், மூவர் உச்ச நீதிமன்றத்தில். ஆயுள் பதவி. சட்டம் திருத்தப்படலாம், இவர்களை அசைக்க முடியாது.

2020-இல் நடந்தது இதற்கு நேர் எதிர். உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் செப்டம்பர் 18-இல் இறந்தார். அவர் இடத்துக்கு டிரம்ப் நியமித்த ஏமி கோனி பாரெட்டுக்கு அக்டோபர் 26-இல், அதிபர் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, 52–48 என ஒப்புதல். 2016-இல் அதிபரும் செனட்டும் வேறு வேறு கட்சி, 2020-இல் ஒரே கட்சி என்பது மெக்கானல் தந்த விளக்கம். 2016-இல் மக்கள் நினைவில் பதிந்ததோ “மக்களே முடிவு செய்யட்டும்” என்ற வாதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், கையில் இருந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி விதி வளைந்தது என்பதே எங்கள் கருத்து.

‘அணு ஆயுத வழி’ என்று செய்திகளில் வருகிறது. அதன் நடைமுறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– சென்னை, சட்டக் கல்லூரி மாணவர்

செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு தேவை. 1975 வரை அது மூன்றில் இரண்டு பங்கு. முடிக்கும் தீர்மானத்துக்குப் பதினாறு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும்; இடையில் ஒரு நாள் விட்டு வாக்கெடுப்பு; அதில் வென்றாலும் மேலும் 30 மணி நேரம் வரை விவாதம். எழுத்திலுள்ள விதியை மாற்றுவதென்றால், அதற்கான விவாதத்தை முடிக்க 60-ஐ விடக் கூடுதலான வாக்கு வேண்டும். எனவே விதியைத் தொடாமல் அதன் விளக்கத்தை மாற்றுவதுதான் இந்த வழி.

ஸ்காலியாவின் இடத்துக்கு டிரம்ப் நியமித்த நீல் கோர்சச் விஷயத்தில், 2017 ஏப்ரல் 6 அன்று, இப்படி நடந்தது. விவாதத்தை முடிக்கும் தீர்மானம் 55–45 என விழுந்தது, 60 கிடைக்கவில்லை. மெக்கானல் வேண்டுமென்றே எதிர்த்து வாக்களித்தார். தோற்ற தீர்மானத்தை மறுபடி எடுக்கக் கோர, ஜெயித்த பக்கம் வாக்களித்தவருக்கே உரிமை உண்டு என்பதால் அந்தத் தந்திரம். மறுபடி எடுத்ததும் ஓர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார்: உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும். இருக்கும் மரபுப்படி அவைத் தலைவர் அதை நிராகரித்தார். மெக்கானல் அந்த முடிவை எதிர்த்து அவையிடம் முறையிட்டார். அத்தகைய முறையீட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அவைத் தலைவரின் முடிவை ஆதரித்தவர்கள் 48, எதிர்த்தவர்கள் 52. அந்த நொடியில் புதிய மரபு பிறந்துவிட்டது. பிறகு அதே 55–45 வாக்கில் விவாதம் முடிந்தது. மறுநாள் 54–45 என கோர்சச் தேறினார்.

இதை முதலில் செய்தவர் மெக்கானல் அல்ல. 2013 நவம்பரில், ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், கீழமை நீதிமன்றங்களுக்கும் நிர்வாகப் பதவிகளுக்கும் 52–48 வாக்கில் இதையே செய்தார். நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வருந்துவீர்கள் என்று அன்று மெக்கானல் எச்சரித்தார். 2019 ஏப்ரலில் மறுபடி இதே வழியில், மாவட்ட நீதிபதிகளுக்கான 30 மணி நேரத்தை 2 மணி நேரமாகக் குறைத்தார். செய்தியில் பெரிதாக அடிபடாத அந்த மாற்றம்தான் நியமனங்களின் வேகத்தைக் கூட்டியது.

அப்படியானால் மசோதாக்களுக்கும் 60 வாக்கை நீக்கியிருக்கலாமே? டிரம்ப் கேட்டாரே?
– கோவை வாசகர்

கேட்டார். மெக்கானல் மறுத்தார். பெரும்பான்மை நிலையானதல்ல, நாளைக்குச் சிறுபான்மையானால் அந்த 60-தான் அரண். தவிர, பழமைவாதிக்குப் புதுச் சட்டம் வராமலிருப்பதே பாதி வெற்றி. வரிக்குறைப்பு, நீதிபதிகள் ஆகிய இரண்டு பெரிய ஆசைகளுக்கும் 60 தேவைப்படவில்லை. 2017 வரிச் சட்டம் பட்ஜெட் சார்ந்த தனி நடைமுறை வழியாக 51–48 என நிறைவேறியது. அதே வழியில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்க முயன்றபோது, 2017 ஜூலை 28 அதிகாலை, ஜான் மெக்கெய்ன் உட்பட மூன்று சொந்தக் கட்சியினர் எதிர்த்து 49–51 எனத் தோற்றது. தலை எண்ணுவதில் கெட்டிக்காரர் தன் பதவிக்காலத்தில் வாங்கிய மிக மோசமான அடி அது.

அவர் வெறும் தடைக்கல் அல்ல என்பதற்கு 2011 கடன் உச்சவரம்பு நெருக்கடியைச் சொல்லலாம். உச்சவரம்பை உயர்த்தாவிட்டால் அரசு கடனைக் கட்ட முடியாது. உயர்த்த வாக்களித்தால் கட்சித் தொண்டர்கள் விடமாட்டார்கள். மெக்கானல் கண்ட வழி: அதிபரே உயர்த்தட்டும், காங்கிரஸ் மறுப்புத் தீர்மானம் கொண்டுவரலாம், அதிபர் அதை ரத்து செய்யலாம், ரத்தை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது கிடைக்காது. கட்சிக்காரர்கள் மறுத்து வாக்களித்த திருப்தி, அரசுக்குப் பணம், இரண்டும் கிடைத்தன. 2012 டிசம்பர் 31 இரவில் துணை அதிபர் பைடனோடு பேசி முடித்த வரி உடன்பாடு 89–8 என நிறைவேறியது.

மனைவி அமைச்சர், கணவர் அவைத் தலைமை. தடை இல்லையா?
– நாகர்கோவில் வாசகி

சட்டத் தடை இல்லை. தைவானில் பிறந்த எலெய்ன் சாவை 1993-இல் மணந்தார். மெக்கானலுக்கு இது இரண்டாம் திருமணம். சாவ், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில் எட்டாண்டு தொழிலாளர் அமைச்சர், டிரம்ப் ஆட்சியில் போக்குவரத்து அமைச்சர். 2017-இல் சாவுக்கு ஒப்புதல் தந்த 93–6 வாக்கெடுப்பில் மெக்கானல் ஆதரவும் எதிர்ப்பும் சொல்லாமல் “அவையில் இருக்கிறேன்” என்று மட்டும் பதிவு செய்தார்.

சொந்த மாநிலத்துக்கு என்ன செய்தார்?
– தர்மபுரி விவசாயி

உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. கென்டக்கி புகையிலை விளையும் மாநிலம். 1930-களிலிருந்து இருந்த ஒதுக்கீட்டு முறையை 2004-இல் ஒழித்தபோது, உரிமை வைத்திருந்த விவசாயிகளுக்கு நாடு முழுக்கச் சுமார் 1,000 கோடி டாலர் இழப்பீடு கிடைக்க முன்நின்றார். பிறகு மாற்றுப் பயிராகத் தொழில்துறைச் சணலை முன்னிறுத்தினார். கஞ்சாவின் இனம் என்பதால் தடையில் இருந்த பயிர் அது. போதைப் பொருளான டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு 2014 விவசாயச் சட்டத்தில் சோதனைச் சாகுபடி, 2018-இல் முழு அனுமதி. ஆனால் வயல்கள் பெருகிய வேகத்தில் பதப்படுத்தும் ஆலைகள் வரவில்லை. விலை விழுந்து பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். வாங்குபவர் யார் என்று தெரியாமல் விதைத்ததன் பலன்.

டிரம்ப்பை எதிர்த்தாரா, ஆதரித்தாரா?
– புதுச்சேரி வாசகர்

இரண்டும். 2021 பிப்ரவரி 13-இல், நாடாளுமன்றத் தாக்குதல் குற்றச்சாட்டில் செனட் நடத்திய பதவிநீக்க விசாரணையில், டிரம்ப் குற்றவாளி அல்ல என்று வாக்களித்தார். சில நிமிடங்களில் எழுந்து, நடந்ததற்கு நடைமுறையிலும் தார்மீகத்திலும் டிரம்ப்பே பொறுப்பு என்று பேசினார். பதவி விலகியவரை விசாரிக்கச் செனட்டுக்கு அதிகாரமில்லை என்பது சட்ட வாதம். ஆனால் டிரம்ப் பதவியில் இருந்தபோதே விசாரணையைத் தொடங்க அவையைக் கூட்ட மறுத்தவரும் இவரே. 57 பேர் குற்றவாளி என்றனர், தேவை 67. 2024 மார்ச்சில் அதே டிரம்ப்பை ஆதரித்தார்.

தலைவர் பொறுப்பை விட்ட பிறகு கை கொஞ்சம் தளர்ந்தது. 2025-இல் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத்துக்கு எதிராக வாக்களித்தார். வாக்கு சமமாகி, துணை அதிபர் வான்ஸ் வந்து முடிவு செய்ய வேண்டியதாயிற்று. தேசிய உளவுத் துறை இயக்குநர் பதவிக்குத் துளசி கப்பார்ட், சுகாதார அமைச்சர் பதவிக்கு ராபர்ட் கென்னடி ஜூனியர் ஆகியோரைக் கட்சியில் எதிர்த்தவர் இவர் ஒருவரே. கென்னடி தடுப்பூசிகளைச் சந்தேகிப்பவர். மெக்கானல் போலியோவில் தப்பியவர்.

உடல்நலம் குன்றியதால்தான் விலகினாரா? பதவிக்காலத்தின் நடுவே இடம் காலியானால் என்ன ஆகும்?
– வேலூர் வாசகர்

2023 மார்ச்சில் கீழே விழுந்து தலையில் அடி. ஜூலையிலும் ஆகஸ்டிலும் நிருபர்கள் முன்னால் பேச்சு பாதியில் நின்று அப்படியே உறைந்தார். 2024 பிப்ரவரியில் தலைமையை விடுவதாக அறிவித்தார்; நவம்பர் ரகசிய வாக்கெடுப்பில் ஜான் தூன் தேர்வானார். 2025 பிப்ரவரி 20, தன் 83-ஆம் பிறந்த நாளில், 2026-இல் போட்டியில்லை என்றார். பதவிக்காலம் 2027 ஜனவரி 3 வரை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கென்டக்கி ஆளுநர் ஆண்டி பெஷியர் ஜனநாயகக் கட்சி. முன்பு, காலியிடத்துக்கு ஆளுநர் விரும்பியவரை நியமிக்கலாம். 2021-இல் மாநில சட்டமன்றம் அதை மாற்றியது: விலகியவரின் கட்சி தரும் மூன்று பெயர்களில் ஒன்றையே அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். மெக்கானலும் அதை ஆதரித்தார். 2024-இல் நியமனமே நீக்கப்பட்டு, சிறப்புத் தேர்தல் மட்டும் என்றானது. இரண்டு முறையும் ஆளுநர் ரத்து செய்தார். இரண்டு முறையும் சட்டமன்றம் அந்த ரத்தை முறியடித்தது.